தனவேல் கல்லிலிருந்து தூரம்

என் தம்பி தனவேல் வழி தவறிச் சாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கம்பெனி வேறு மாதிரிச் சொன்னது, டி.வி.க்காரர்கள் அதையே திருப்பிச் சொன்னார்கள், எங்கள் ஊர் டீக்கடையில் அதற்குக் கண் காது மூக்கு வைத்துச் சொன்னார்கள். நான் அவனுடைய அக்கா. போதாததற்கு, நிலாவின் தென்முனையில் அவன் வேலை பார்த்த முகாமுக்கு நான்தான் சர்வேயர். எது எங்கே இருக்கிறது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

என் பெயர் அஞ்சலாட்சி. கடலூர்ப் பக்கம் தெருவுக்கு இரண்டு அஞ்சலாட்சி இருப்பார்கள். நிலாவில் நான் ஒருத்திதான். முகாமுக்குக் கம்பெனி வைத்த பெயர் தென்முகாம் இரண்டு. நாங்கள் வைத்த பெயர் மந்தாரக்குப்பம், நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிய ஊரின் பெயர். நெய்வேலியில் கரி தோண்டிய குடும்பங்களாகப் பார்த்து ஆளெடுத்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? எங்கள் ஆட்கள் அங்கே கரி தோண்டினார்கள், இங்கே ஐஸ் தோண்டுகிறார்கள். சூரியன் எட்டியே பார்க்காத ஒரு பெரும்பள்ளத்தின் அடியில் கோடிக்கணக்கான வருஷமாக உறைந்து கிடக்கும் ஐஸ். அதை வெட்டி உருக்கினால் குடிக்கத் தண்ணீர், பிரித்தால் மூச்சுக்குக் காற்று, மிச்சம் ராக்கெட்டுக்கு எரிபொருள்.

பள்ளத்துக்குள் இறங்குகிறவர்களுக்காக ஆங்காங்கே காற்றுப் பெட்டிகள் உண்டு. வண்டி மக்கர் செய்தாலோ உடையில் காற்று குறைந்தாலோ பக்கத்துப் பெட்டிக்கு நடந்து போய்க் குழாயைச் செருகிக்கொள்ள வேண்டும். எந்தப் பெட்டி எங்கே என்பதற்கு ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு அட்டை கட்டியிருக்கும். பெட்டிக்கு இரண்டு எண். அதை அடித்தால் ஹெல்மெட் கண்ணாடியில் ஒரு அம்புக்குறி தோன்றி வழிகாட்டும். போய்ச் சேர்ந்ததும் ஆள் வரும்வரை அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. இது எங்கள் முகாமில் சின்னக் குழந்தைக்கும் தெரியும் என்று சொல்லியிருப்பேன், இங்கே குழந்தைகள் கிடையாது.

அன்றைக்குத் தனவேலின் வண்டி பள்ளத்துக்குள் நின்றுபோனது. வண்டி ரேடியோவில் தகவல் சொல்லிவிட்டு ஒன்பதாம் பெட்டிக்கு நடந்தான். மேஸ்திரி கலியபெருமாள், பெட்டி விடாமல் அனுப்பும், வண்டிக்கு மட்டும் எட்டும் சிக்னலைப் பிடித்துக்கொண்டு நேராகப் பெட்டிக்கே வண்டியை விட்டார். அங்கே அவன் இல்லை. வந்துவிடுவான் என்று விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றார். பிறகு தேட ஆரம்பித்தார். கடைசியில் அவனைக் கண்டுபிடித்தது ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம், ஹெல்மெட் ரேடியோ எட்டாத மறைவில், நீளமான ஒரு பாறையில் சாய்ந்தபடி. காற்று எப்போதோ தீர்ந்திருந்தது. அவன் ஹெல்மெட் பதிவில் கடைசியாக இருந்தது இதுதான்: "மேஸ்திரி, வந்து சேந்துட்டேன். பொட்டியத்தான் காணோம்."

அந்தக் குரலில் பயம் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை. யாரோ வந்து சரிசெய்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையோடு சொல்லியிருக்கிறான்.

விசாரணை திரையில் நடந்தது. சென்னை அலுவலகத்தில் நிர்மல் என்று ஒரு பாதுகாப்பு இயக்குநர். நாம் பேசுவது பூமிக்குப் போய்ப் பதில் வர இரண்டரை நொடி ஆகும். அதனால் யார் எதைச் சொன்னாலும் யோசித்துச் சொல்கிற மாதிரியே இருக்கும். நிர்மலுக்கு அது ரொம்ப வசதி.

"எனக்கு ரொம்ப வருத்தம் மேடம்," என்றார். "ஆனா படம் தெளிவா இருக்கு. பெட்டி இங்க இருக்கு, அதுவே சிக்னல் அனுப்புது. உங்க தம்பி இருந்தது அங்க. நடுவுல அறுநூற்று அறுபது மீட்டர். பதட்டத்துல எண்ணைத் தப்பா அடிச்சிருக்கார். மனுஷங்க செய்யற தப்புதான். சர்வேயர்ங்கற முறையில நீங்க ஒரு கையெழுத்து போட்டா முடிச்சிரலாம்."

அறுநூற்று அறுபது. அந்த எண்ணை எனக்குத் தெரியும். நிலாவுக்கு வரும் எந்த சர்வேயருக்கும் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கும் எண் அது.

"எந்தத் திசையில சார்? அவன் இருந்த எடத்துலேர்ந்து பாத்தா பெட்டி எந்தப் பக்கம்?"

இரண்டரை நொடி. அதற்கு மேலும் கொஞ்சம். "அது முக்கியமா?"

"எனக்கு முக்கியம்."

யாரையோ கேட்டுவிட்டுச் சொன்னார். "பூமி தெரியற பக்கம்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "கையெழுத்து போட மாட்டேன் சார். அவன் தப்பா அடிக்கல. தப்பா அடிச்சிருந்தா எந்தப் பக்கம் வேணாலும் போயிருப்பான். இவ்வளவு கச்சிதமா ஒருத்தன் தப்புப் பண்ண முடியாது."

கலியபெருமாள் கேன்டீனில் எனக்காகக் காத்திருந்தார். அன்றைக்குப் பெட்டியருகே நின்றுவிட்டு வந்ததிலிருந்து மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை. டீயைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு அஞ்சல."

"நெலா மேல கட்டம் போட்டு எது எங்க இருக்குன்னு சொல்லணும்னா, அந்தக் கட்டத்த எதுலயாவது மாட்டணும் இல்ல மேஸ்திரி? ரெண்டு விதமா மாட்டலாம். இங்கேர்ந்து பாத்தா பூமி வானத்துல ஒரே எடத்துல தொங்குது, லேசா ஆடும். அந்த ஆட்டத்துக்கு நடு எதுன்னு பாத்து ஒரு கட்டம் போடலாம். நம்ம மேப்பு, அட்டை எல்லாம் அதுதான். பூமிக் கணக்குன்னு வச்சுக்குங்க."

"சரி."

"இன்னொண்ணு, நெலாவோட சொந்த எடை. அது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்ல. எடை எப்படிப் பரவியிருக்கோ அதுக்கேத்த மாதிரி ஒரு கட்டம். மேல சுத்தற சேட்டிலைட்டுக்கு அதுதான் தெரியும். எடைக் கணக்கு. ரெண்டுமே தப்பில்ல. ஆனா ஒண்ணுல சொன்ன எடத்த இன்னொண்ணுல தேடினா, இந்தத் தென்முனையில அறுநூத்தி அறுவது மீட்டர் தள்ளிப் போய் நிப்பீங்க. பூமி இருக்கற பக்கமா, இல்லன்னா அதுக்கு நேர் எதிரா."

"அப்ப மாத்திக்கணும்."

"ஒரே ஒரு தடவ மாத்தணும். பொட்டியக் கொண்டுபோய் வச்சது மிஷினு. ஹெட் ஆபீஸுல மேப்பு எண்ண எடைக் கணக்குக்கு மாத்தித்தான் மிஷினுக்கு அனுப்புவாங்க. எப்பவும் அப்படித்தான். நடுவுல மிஷினுக்குப் புது சாஃப்ட்வேர் போட்டாங்க. அது ரொம்பப் பொறுப்பான சாஃப்ட்வேரு. வர்ற எண்ணு பூமிக் கணக்குதான்னு நெனச்சுக்கிட்டு அதுவும் ஒரு தடவ மாத்தியிருக்கு."

கலியபெருமாள் டீயைச் சுழற்றுவதை நிறுத்தினார். "மாமியாரும் உப்பு போட்டு, மருமவளும் உப்பு போட்ட கொழம்பு."

"அதேதான். யாரும் வேலையில கொறை வைக்கல. ரெண்டு பேரும் கடமைய ஒழுங்காச் செஞ்சுட்டாங்க."

அவர் டம்ளரைத் தள்ளிவைத்தார். "அப்ப நான் பொட்டியாண்ட நின்னேன். அவன் மேப்பாண்ட நின்னான்," என்றார். "ரெண்டு பேருமே சரியான எடத்துலதான் நின்னுகிட்டிருந்தோம்."

அவரை அழவிட்டுவிட்டு நான் வேறு பக்கம் பார்த்தேன். நானும் அழுதேன், ஆனால் எனக்கு அழுகையை விடக் கோபம்தான் முதலில் வரும். எங்கள் குடும்பத்து வியாதி அது.

ஒரே ஒரு பெட்டி தள்ளிப் போயிருந்தால் ஆளைக் குறை சொல்லலாம். புது சாஃப்ட்வேருக்குப் பிறகு வைத்த பெட்டியெல்லாம் ஒரே தூரம், ஒரே பக்கம் தள்ளியிருந்தால்? அதைப் போய் அளந்துவிட்டால் போதும். ஆனால் அதற்குள் சென்னையிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. விசாரணை முடியும்வரை யாரும் முகாமை விட்டு வெளியே போகக் கூடாது, ஐஸ் வெட்டும் ஷிப்ட் மட்டும் வழக்கம்போல நடக்கலாம். அதாவது, சாகலாம், அளக்கக் கூடாது.

அன்று அம்மா பேசினாள். நெய்வேலி வீட்டில் ஆள் நடமாட்டம் திரையில் தெரிந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள்.

"ஏன்டி, அவன் எண்ணு தெரியாம அடிச்சிட்டானாமே? டி.வி.ல சொல்றாங்கோ. எதிர்வீட்டுக்காரி வந்து, ராத்திரியெல்லாம் செல்லு பாத்தா அப்படித்தான் ஆவும்ங்கறா."

"பொய்ம்மா அது."

இரண்டரை நொடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எனக்குத் தெரியும்டி பொய்யின்னு," என்றாள். "அவன் ஆறு வயசுல ஒத்தையா பஸ்ஸேறி விருத்தாசலம் போயி, எங்க அண்ணன் ஊட்டு வாசல்ல நின்னவன். ஆனா நான் சொன்னா யாரு கேக்கறா? நீ சொல்லு. நீதான அதுக்குப் படிச்ச?"

மறுநாள் ஷிப்டுக்கு ஒருவரும் இறங்கவில்லை. கலியபெருமாள் ஒலிபெருக்கியில் சென்னைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "பொட்டி எங்க இருக்குன்னு தெரியற வரைக்கும் எவனும் குழிக்குள்ள எறங்க மாட்டான். சர்வேயரம்மா அளக்கப் போறாங்க. நான் வண்டி ஓட்டறேன். சம்பளத்தப் புடிக்கறதுன்னா புடிச்சுக்குங்க."

போகிற வழியில் தனவேல் இருந்த இடத்தில் நிறுத்தினோம். நிலாவில் காலடி அழியாது, அடித்துப்போகக் காற்றில்லை. அவன் நடந்து வந்த தடம் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. வந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம், அதைவிடப் பெரிதாக ஒன்று, இன்னும் பெரிதாக ஒன்று. கற்றுக்கொடுத்தபடியே தேடியிருக்கிறான். அப்புறம் கற்றுக்கொடுத்தபடியே நடுவுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறான். எழுந்து மேட்டில் ஏறியிருந்தால் கலியபெருமாளின் விளக்கு தெரிந்திருக்கும். ஏறியிருக்கலாமே என்று எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். அசையக் கூடாது என்று சொல்லிவைத்தது நாங்கள்தான், அவன் சொன்ன பேச்சைக் கேட்டான்.

அவன் சாய்ந்திருந்த பாறையை அவன் கூட்டாளிகள் மூன்றாம் நாளே அதே இடத்தில் நிமிர்த்தி நட்டிருந்தார்கள். ஊரில் செங்கல் அளவுக்கு ஒரு கல்லை நட்டு, கருமாதிவரை அதற்குப் பால் ஊற்றி, அன்றைக்கு எடுத்துத் தண்ணீரில் விடுவோம். இங்கே எல்லாவற்றுக்கும் எடை ஆறில் ஒரு பங்கு என்பதால் ஆள் உயரக் கல்லையே நட்டுவிட்டார்கள். அதன் மேல் யாரோ ஒரு பால் பவுடர் பாக்கெட்டைப் பிரித்துத் தூவியிருந்தார்கள்.

பதினோராம் பெட்டிக்குப் போனோம். அட்டையில் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. யாரும் மிதிக்காத சாம்பல் மண். கலியபெருமாள் விளக்கை அடித்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஒரு மயிரும் இல்ல," என்றார். பிறகு, "மன்னிச்சுக்கோம்மா."

"பூமி பக்கம் ஓட்டுங்க மேஸ்திரி."

அறுநூற்று அறுபதாவது மீட்டரில் பெட்டி கண்சிமிட்டிக்கொண்டு நின்றது. அடுத்த பெட்டிக்குப் போனோம், அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும். ஒரு பெட்டிக்கும் இன்னொன்றுக்கும் கையகலம்கூட வித்தியாசமில்லை. கலியபெருமாள் ஒரு பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். இந்தப் பெட்டிகளை நம்பித்தான் முகாமில் அத்தனை பேரும் தினமும் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

நான் அனுப்பிய அளவுகளைப் பார்த்துவிட்டு நிர்மல் மறுபடி திரையில் வந்தார். இந்தத் தடவை குரல் தேன் மாதிரி இருந்தது.

"பிரமாதமான வேலை மேடம். நீங்க சொன்னது சரி. இதை உடனே சரிபண்ணணும், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா எல்லாப் பெட்டியையும் தோண்டி நகர்த்தினா வேலை மாசக்கணக்குல நிக்கும். அதுக்கு ஒரு யோசனை வச்சிருக்கோம். பூமிக் கணக்கும் வேண்டாம், எடைக் கணக்கும் வேண்டாம். நம்ம முகாமுக்குன்னே தனியா ஒரு கட்டம். நீங்களே போடுங்க. பெட்டி, பாதை, பள்ளம், சுரங்க எல்லை எல்லாத்தையும் புதுசா அளந்து ஒரே கட்டத்துல கொண்டுவந்துடுங்க. இனிமே மாத்தற வேலையே கிடையாது. எல்லாரும் பத்திரம்."

உள்ளபடி சொன்னால், யோசனையில் குற்றமில்லை. பூமியில் ஒரு காலத்தில் ஒவ்வொரு நாடும் அப்படித்தான் தனக்கென்று ஒரு கட்டம் வைத்திருந்தது. நான் தலையாட்டினேன்.

"ஒரே ஒரு சின்ன விஷயம்," என்றார். "கட்டம் அமலுக்கு வர்ற தேதி. அந்த ஷிப்டுக்கு முந்தின நாள்னு போட்டுடலாம். லீகல்ல கேக்கறாங்க."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. முந்தின நாளே புதுக் கட்டம் வந்துவிட்டதென்றால், தனவேல் நடந்த அன்று பெட்டி இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. அவன்தான் பழைய அட்டையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டான். வழி தவறினான் என்ற அறிக்கை எழுத்துப் பிசகாமல் உண்மையாகிவிடும். செத்தவனைச் செத்த பிறகு இடம் மாற்றி வைக்கிற வேலை.

"நான் முடியாதுன்னா?"

"அடுத்த ராக்கெட்ல வேற சர்வேயர் வருவார் மேடம். உங்க உணர்வு எங்களுக்குப் புரியுது. யோசிச்சு சொல்லுங்க. அப்புறம், பசங்க அங்க ஏதோ கல் நட்டிருக்காங்களாமே? அனுமதியில்லாத கட்டுமானம்னு ஆடிட்ல வரும். எடுத்துடச் சொல்லுங்க."

தொழில் புத்தி என்னை விடவில்லை. வாய் தானாகக் கேட்டது: "புதுக் கட்டத்துக்குத் தொடக்கப் புள்ளி எங்க வைக்கறது?"

"அது உங்க டெக்னிக்கல் விஷயம். எங்க வேணா வைங்க. அதுல நாங்க தலையிட மாட்டோம்."

விஷயம் கேன்டீனுக்குப் போய்விட்டது. நான் உள்ளே நுழைந்ததும் இரண்டு பேர் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்கள். கலியபெருமாள் என்னைப் பார்க்காமலே கேட்டார்: "போட்டுக் குடுக்கப் போறியா?"

"தெரியல மேஸ்திரி."

"தெரியலன்னா? கூடப் பொறந்தவன்டி அவன். அவங்க சொல்ற தேதியப் போட்டுட்டு ஊருக்குப் போயி ஒங்கம்மா மூஞ்சில எப்படி முழிப்ப?"

நான் மறுத்தால் வருகிறவன் போட்டுவிடுவான். நான் போட்டால் நான் போட்டதாகிவிடும். இரண்டிலும் தனவேல் வழி தவறியவன்தான்.

கருமாதி அன்று கல்லை எடுக்கப் போனோம். கம்பெனி சொல்கிறது என்பதற்காக அல்ல, எப்படியும் வழக்கப்படி அன்றைக்கு எடுத்தாக வேண்டும். பள்ளத்து ஐஸை வெட்டிய குழியில் போட்டுவிடலாம் என்று பேச்சு. தண்ணீருக்கு அதுதானே கிட்டத்துச் சொந்தம். கலியபெருமாள் கல்லைக் கட்டிப்பிடித்து அசைக்கப் போனார். நான் பழக்கதோஷத்தில் அளவைக் கருவியைக் கல்லுக்கு நேராக வைத்து, இடத்தைக் குறித்துக்கொண்டேன். எதையாவது எடுப்பதற்கு முன்னால் அது எங்கே இருந்தது என்று குறித்துவைப்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

அட்டையில் ஒன்பதாம் பெட்டிக்கு இருந்த எண்களும் கருவி காட்டிய எண்களும் ஒன்றாக இருந்தன. அதில் ஆச்சரியமில்லை, அவன் சரியாகத்தான் வந்தான். ஆனால் அதைப் பார்த்தபடி நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பள்ளம் முழுக்கத் தேடினாலும், வரைபடத்தில் இருந்த ஒரு இடத்துக்கு ஒரு மனிதன் நடந்து போய், இதுதான் அது என்று தரையில் உறுதிசெய்துவிட்டுப் போன இடம் இது ஒன்றுதான். நாங்கள் வண்டியில் போய்ப் பார்த்த வெற்று இடங்களில் அடையாளமாக ஒரு கல்லும் இல்லை. மற்றதெல்லாம் மிஷின் வைத்தது, இரண்டு முறை உப்பு போட்டது.

"மேஸ்திரி, கைய எடுங்க."

"என்னா?"

"ஊர்ல சர்வே கல்லப் புடுங்கினா என்னா ஆவும்?"

"கேஸ் போட்டு உள்ள வப்பான்."

"ஏன்?"

"கல்லு போச்சின்னா அளவு போச்சி. அக்கம்பக்கம் எல்லாருக்கும் எல்லை போச்சி."

"புதுக் கட்டம் போடணும்னா பழைய மேப்போட அத ஒரு எடத்துல முடிச்சுப் போட்டாவணும். அப்பதான் பழைய பாதை, சுரங்க எல்லை எல்லாம் புதுசுல வந்து ஒக்காரும். அந்த முடிச்சு தரையில நெசமா இருக்கற ஒரு புள்ளியா இருக்கணும். பழைய கணக்குல அது எங்கன்னு யாராவது போய் நின்னு பாத்திருக்கணும். தொடக்கப் புள்ளிய எங்க வேணா வைன்னு அவரே சொல்லிட்டாரு."

கலியபெருமாள் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஹெல்மெட்டுக்குள் அவர் வாய் மெல்லத் திறந்தது.

"ஒன் தம்பி மேலயா கட்டத்த மாட்டப் போற?"

"வெள்ளக்காரன் காலத்துல பரங்கிமலைக்குப் பக்கத்துல சங்கிலி போட்டு அளக்க ஆரம்பிச்சுத்தான் நாட்டையே அளந்தாங்க மேஸ்திரி. இங்க இவன்லேர்ந்து அளக்கலாம்."

கல்லை எடுக்கவில்லை. வழக்கத்தை மீறிவிட்டேன்தான். அநியாயமாகப் போனவனுக்குக் கருமாதி ஒன்றுதான் குறைச்சலா என்று எனக்குத் தோன்றியது. சுற்றிலும் நாலு துளை போட்டு, கல்லைத் தரையோடு இறுக்கினோம்.

அளந்து முடிக்கும்வரை நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. முகாமில் பாதிப் பேர் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். கலியபெருமாள் கஷ்டப்பட்டு வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். பெட்டிகள், பாதைகள், பள்ளங்கள், கம்பெனிக்குக் குத்தகையான சுரங்கத்தின் நான்கு மூலைகள் எல்லாவற்றையும் அளந்து புதுக் கட்டத்தில் சேர்த்தேன். அட்டைகளை மாற்றினேன். அமலுக்கு வரும் தேதியாக அவர்கள் சொன்ன தேதியையே போட்டேன். தொடக்கப் புள்ளிக்கு ஒரு விவரக் குறிப்பு எழுத வேண்டும், அது இல்லாமல் எந்தக் கட்டமும் செல்லாது. இப்படி எழுதினேன்:

'தனவேல் கல். முகாமின் பழைய வரைபடத்தில் ஒன்பதாம் பெட்டி என்று குறித்த இடத்துக்கு ஊழியர் தனவேல் நடந்து வந்து, பிசகாமல் நின்று, தரையில் உறுதிசெய்த புள்ளி. பழைய கணக்கையும் புதிய கணக்கையும் இணைப்பது இது ஒன்றே. புதிய கட்டத்தின் எல்லா அளவும் இந்தப் புள்ளி சரி என்பதன் மேல் நிற்கிறது.'

நிர்மல் கையெழுத்துப் போட்டார். படித்திருக்க மாட்டார். தேதியை மட்டும் பார்த்திருப்பார். கட்டம் பக்கத்து முகாம்களுக்குப் போனது, பூமியில் நிலாவின் இடங்களைப் பதிவுசெய்யும் அலுவலகத்துக்குப் போனது, ஒவ்வொரு ஹெல்மெட்டுக்கும் வண்டிக்கும் மிஷினுக்கும் போனது. எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் யாரோ ஒரு வக்கீல் குறிப்பைப் படித்திருக்கிறார்.

திரையில் நிர்மலின் முகம் வெளுத்திருந்தது. "என்ன மேடம் இது? ஒரு பக்கம் அவர் வழி தவறினார்னு நம்ம அறிக்கை இருக்கு. இன்னொரு பக்கம் அவர் பிசகாம நின்னார்னு நம்ம கட்டமே சொல்லுது."

"ஆமா சார். ரெண்டுல ஒண்ணுதான் உண்மையா இருக்க முடியும்."

"இதை உடனே மாத்துங்க."

"மாத்தலாம் சார். தனவேல் தப்பான எடத்துல நின்னான்னு எழுதிடறேன். அப்ப தொடக்கப் புள்ளி தப்பு. தொடக்கம் தப்புன்னா பெட்டி தப்பு, பாதை தப்பு, ஒங்க குத்தகை நெலத்தோட நாலு மூலையும் தப்பு. அங்க வெட்டின ஐஸ் யாருதுன்னு பக்கத்து முகாம்காரன் கேப்பான். பதில் வச்சுக்குங்க."

இரண்டரை நொடி.

"இல்லன்னா எல்லாத்தையும் இன்னொரு தடவ வேற கணக்குக்கு மாத்தலாம். யாரு கையெழுத்து போடறீங்க?"

இரண்டரை நொடி போனது. இன்னொரு இரண்டரை நொடி போனது. எனக்குப் பின்னால் கேன்டீனே கூடியிருந்தது. இன்னொரு மாற்றம் என்ற வார்த்தையைச் சென்னையில் யாரும் உச்சரிக்கவே தயாராக இல்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு இனிமையான மௌனத்தைக் கேட்டதில்லை.

"அந்தத் தேதிய நானாப் போடல சார்," என்றேன். "நீங்க கேட்டீங்க, போட்டேன். அதனால அவன் நடந்த அன்னிக்கே அது தொடக்கப் புள்ளி ஆயிடுச்சு."

அறிக்கை திருத்தி வந்தது. 'ஊழியர் குறித்த இடத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தார். காற்றுப் பெட்டி அங்கே இல்லை. பெட்டியை இடம் மாற்றி வைத்த பிழை நிறுவனத்தினுடையது.' அம்மாவுக்கு அதைப் படித்துக்காட்டினேன். எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். அதனால் அவன் திரும்பி வந்துவிடப் போவதில்லை. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருந்தாலும் சத்தமாகவே படித்தேன்.

பல மாதம் கழித்து நிர்மல் நேரிலேயே வந்தார். வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனையாம். நான்தான் கூட்டிப்போக வேண்டும். வாயிலறையில் உடை மாட்டிக்கொண்டு ஹெல்மெட்டைப் பூட்டினார். மந்தாரக்குப்பத்தில் ஹெல்மெட்டைப் பூட்டியதும் முதலில் இடம் சொல்லும். சொல்லும் குரல் கலியபெருமாளுடையது, பசங்கள் அவரைப் பேசவைத்துப் பதிவுசெய்து ஏற்றியிருந்தார்கள்.

"தொடக்கம், தனவேல் கல்லு. அங்கேர்ந்து நீங்க நாலாயிரத்து எரநூறு மீட்டர் தள்ளி நிக்கறீங்க."

நிர்மல் திரும்பி என்னைப் பார்த்தார். இங்கே பேச்சுக்கு நடுவில் இரண்டரை நொடி கிடையாது. ஆனாலும் அவருக்கு உடனே பேச்சு வரவில்லை.

"இதை ஒவ்வொரு தடவையும் சொல்லுமா?"

"எல்லாருக்கும் சொல்லும் சார்," என்று கதவைத் திறந்தேன். "வாங்க. மொதல்ல அங்க போவோம். அம்புக்குறி காட்டும், அது பின்னாலயே நடங்க. இப்ப அது சரியாத்தான் காட்டுது."